பிந்தி வளரும் பிள்ளைகள்: ஒரு வரலாற்று நோக்கு

புத்தளத்துக்கு அண்மையிலுள்ள பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதி, வலப்புறம் களப்பும் இடப்புறம் பெருங்கடலுமாக நெடுந்தூரம் வடக்கே ஓடுகின்றது. அவ்வீதியினின்று கடற்புறமாகத் திரும்பிச் சென்றால் கண்டக்குழிக் கரையை அடையலாம். மீன்பிடியே அக்கரையின் வாழ்வு. இத்தகைய கடலோர ஊர்களில் ஒருவரை ஒருவர் அறியாதார் இல்லை. நான்கு வயது நிரம்பியும் வாய் திறவாத பிள்ளை எந்த வீட்டிலிருக்கின்றது, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாராமல் மணலிலே சிப்பிகளை ஒரே வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும் சிறுவன் யாருடைய மகன் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். அப்பிள்ளைக்கு நேர்ந்திருப்பது யாது என்பதுதான் தெரிவதில்லை. "இவன்ட வாப்பாவும் பிந்தித்தான் பேசினார்" என்று உம்மும்மா ஆறுதல் கூறுவார். கண்ணூறு என்பார் ஒருவர். வயிற்றில் பிள்ளையிருக்கையில் தாய் எதையோ கண்டு பயந்துவிட்டாள் என்பார் இன்னொருவர். சுற்றிச் சுற்றிப் பழி கடைசியில் தாயின் தலையிலேயே வந்து விழும்.

இஃது அறியாமையால் விளைவது என்று கூறி நகர்ந்துவிட இயலாது. அறிவிற் சிறந்தோர் எனப் போற்றப்பெற்ற மேனாட்டு வைத்தியர் சிலரும், ஏறக்குறைய இருபது ஆண்டுகள், இதே பழியைத் தாய்மார்மீதே சுமத்தினர். பின்னர் அதனை மீட்டுக்கொள்ளவும் நேர்ந்தது. அவ்வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற முற்படுகின்றேன்.

முதற்கண் இரண்டு நிலைமைகளை வேறு பிரித்துக் காணல் வேண்டும். ஒன்று அறிவு வளர்ச்சிக் குறை. இந்நிலையிலுள்ள பிள்ளை நடப்பது, பேசுவது, உண்பது, உடுப்பது, எண்ணுவது எல்லாவற்றிலும் வயதுக்குப் பிந்தி நிற்கும். ஆயினும் தாயின் முகத்தை நாடும், சிரித்தால் சிரிக்கும். மற்றொன்று ஓட்டிசம். இங்கே பிந்துவது முதன்மையாகப் பிறரோடு உறவாடும் ஆற்றலே. ஒன்றரை வயதுப் பிள்ளை பொதுவாக ஒரு காகத்தைக் கண்டால் விரலால் சுட்டிக்காட்டித் தாயின் முகத்தையும் திரும்பிப் பார்க்கும். தான் கண்டதைத் தாயும் காணவேண்டும் என்னும் ஆசை அது. ஓட்டிச நிலையுள்ள பிள்ளையிடத்து இச்செயல் தோன்றாதிருக்கலாம். சிறு ஓசையும் அதனைத் துன்புறுத்தலாம். அன்றாட ஒழுங்கில் ஓர் அணு மாறினாலும் பொறுக்கமாட்டாது வீறிடலாம். இவ்விரு நிலைமைகளும் ஒரே பிள்ளையிடத்துக் கூடியிருத்தலும் உண்டு. ஓட்டிச நிலையுடையோருள் சுமார் மூன்றிலொரு பங்கினருக்கு அறிவு வளர்ச்சிக் குறையும் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. எஞ்சியோருள் கூர்த்த மதியினரும் உளர். இரண்டும் சித்தப்பிரமை ஆகா. சித்தப்பிரமை இடையில் வருவது, மருந்தினால் தணிவது. இவையோ வளர்ச்சியோடு கூடவே வருவன.

இந்த வேறுபாட்டை மனித சமுதாயம் உணர்வதற்கு நெடுங்காலம் சென்றது. சங்கப் புலவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குக் கூறிய புறநானூற்று 28ஆம் பாட்டு, மக்கட் பிறப்பில் நேரும் குறைகளை எட்டாக வகுக்கின்றது. கூன், ஊமை, செவிடு முதலியவற்றோடு 'மருள்' என்பதும் அங்கே எண்ணப்படுகின்றது. மருள் என்றால் மயக்கம். அறிவு தெளியாத நிலைகள் பலவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கக்கூடும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு பிரித்துக் கண்டதே பெரிது. இஸ்லாமியச் சட்டநூலார், புத்தி தெளியாதவர்மீது தொழுகை, நோன்பு முதலிய கடமைகள் சாரா என்று கொண்டனர். அது கருணை மிக்க தீர்ப்பு எனலாம்.

ஆங்கில ஆட்சியின் சட்டங்களோ எல்லோரையும் ஒரே கொட்டிலில் அடைத்தன. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியச் சட்டம், பிறவியிலே அறிவு வளராதவரையும் சித்தங் கலங்கியவரையும் ஒரே வரைவிலக்கணத்துள் வைத்துப் பைத்தியக்காரர் எனப் பெயரிட்டது. இந்தியாவில் 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வந்தபோதுதான் அறிவு வளர்ச்சிக் குறை மனநோயன்று எனப் பிரித்து வைக்கப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டுகள்! இலங்கையில் 1873ஆம் ஆண்டிலேயே பைத்தியக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அங்கொடையில் 1926ஆம் ஆண்டு பெரிய மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கு 1912ஆம் ஆண்டிலேயே இரத்மலானையில் மேரி சப்மன் அம்மையார் ஒரு பாடசாலையைத் தோற்றுவித்தார். கண்ணும் காதும் பழுதற்றிருந்து அறிவு மட்டும் பிந்திய பிள்ளைக்கு அத்தகைய இடம் அந்நாளில் இருக்கவில்லை. வீட்டு மூலையே அதன் பாடசாலை.

அப்பிள்ளையைக் கற்பிக்க இயலும் என்று முதன்முதல் துணிந்தவர்களுள் இட்டார் என்னும் பிரெஞ்சு வைத்தியர் முதல்வர். 1800ஆம் ஆண்டு, தென் பிரான்சின் அவெரோன் பகுதிக் காட்டிலிருந்து ஒரு சிறுவன் வெளியே வந்தான். பேச்சில்லை, உடையில்லை. விலங்கோடு வளர்ந்தவன் என்றனர் சிலர். திருந்தாத மூடன் என்றனர் பெரிய வைத்தியர்கள். இட்டார் அவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு, பாரிஸ் நகரின் செவிடர் நிலையத்தில் வைத்து ஐந்தாறு ஆண்டுகள் பாடுபட்டார். விக்டர் சரளமாகப் பேசக் கற்றானில்லை. ஆனால் பொருளைப் பெயரோடு பொருத்தவும், அன்பு காட்டவும், பிறர் அழுகைக்கு இரங்கவும் கற்றான். இட்டார் எழுதி வைத்த குறிப்புகளை இன்று படிக்கும் ஆய்வாளருள் சிலர் விக்டரிடம் ஓட்டிசத்தின் சாயலைக் காண்கின்றனர். இட்டாரின் மாணவரான சேகேன், கண்ணாலும் கையாலும் தொட்டு உணர்ந்து கற்கும் முறையை வளர்த்தெடுத்தார். வட்டமும் சதுரமுமாக வெட்டிய மரத்துண்டுகளை அவ்வவற்றின் குழியிலே பொருத்தும் பலகை அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1846ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவில் அதிகம் கவனிக்கப்படாமற் கிடந்தது.

அதனைத் தூசு தட்டி எடுத்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர். உரோமாபுரியில், அறிவு பிந்திய பிள்ளைகளுக்கான பாடசாலையில் 1900ஆம் ஆண்டளவில் பணியாற்றிய அவர், இட்டாருடைய எழுத்தையும் சேகேனுடைய நூலையும் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிப் படித்தார். அம்முறையில் பயின்ற பிள்ளைகளுட் சிலர் சாதாரணப் பிள்ளைகளோடு ஒன்றாகப் பரீட்சை எழுதித் தேறியபோது ஊரார் வியந்தனர். அவருக்கோ வேறொரு வியப்பு: இப்பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடியுமானால், நல்ல ஆற்றலுள்ள பிள்ளைகளை நம் பாடசாலைகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கின்றன! 1907ஆம் ஆண்டு உரோமின் ஏழைக் குடியிருப்பொன்றில் அவர் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர்தாம் மரியா மொண்டிசோரி அம்மையார். 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியரைப் பயிற்றினார். 1944ஆம் ஆண்டு இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார்.

இன்று நம் நாட்டுச் சிற்றூர்களிலும் பாலர் பாடசாலையை மக்கள் 'மொண்டிசோரி' என்றே அழைப்பர். அங்கே பிள்ளைகள் கையாளும் மரக்கட்டைகளும் உருவப் பலகைகளும் யாருக்காகப் படைக்கப்பட்டன என்பதை எண்ணிப் பார்ப்பவர் அரியர். பிந்திய பிள்ளைக்காகக் கண்ட முறை முந்திய பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. "இந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது, மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல்" என்று கூறி அதே வாசலிலிருந்து ஒரு தாயைத் திருப்பி அனுப்பும்போது, கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனை வாசலிலே நிறுத்தி வைப்பதைப் போன்றே எனக்குத் தோன்றுகின்றது.

அறிவை அளக்கும் கதையைச் சுருக்கமாகக் கூறலாம். 1905ஆம் ஆண்டு பிரான்சில் பினே என்பார், யாருக்குத் தனிக் கவனிப்புத் தேவை என்று அறிவதற்காக ஒரு சோதனையை வகுத்தார். கிடைக்கும் புள்ளி மாறாத விதியன்று என்று அவர் எச்சரித்தும் இருந்தார். அமெரிக்காவில் அதையே கொண்டு மனிதரைத் தரம் பிரித்து, பலரை மகப்பேறு இல்லாதபடி அறுவைச் சிகிச்சைக்கு உட்படுத்தினர். 1927ஆம் ஆண்டு அந்நாட்டு உயர்நீதிமன்றமும் அதற்கு ஒப்புதல் அளித்தது. நாஜி ஜெர்மனியில் 1939ஆம் ஆண்டு முதல் இத்தகைய பிள்ளைகள் ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டனர். அளவுகோல் ஒன்றே, பிடித்த கை வேறு.

ஓட்டிசத்துக்குப் பெயர் வந்த கதை சற்று விரிவாகக் கேட்கத் தக்கது. 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 1911ஆம் ஆண்டளவில் சுவிட்சர்லாந்து வைத்தியர் புளோய்லர் அச்சொல்லை வேறொரு மனநோயின் அறிகுறிக்காக ஆக்கினார். 1926ஆம் ஆண்டிலே ரஷ்யப் பெண் வைத்தியர் சுகரேவா இத்தகைய பிள்ளைகளைத் தெளிவாக விவரித்து எழுதினார். உலகம் நெடுநாள் அவரைக் கவனிக்கவில்லை. 1943ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கனர் பதினொரு பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்; ஆண்கள் எண்மர், பெண்கள் மூவர். அவர்களுட் சிலர் மூடரென்றும் செவிடரென்றும் முன்பு முத்திரை குத்தப்பட்டவர்கள். இது பிறவியிலேயே அமைந்த நிலை என்று அக்கட்டுரையில் கனர் கூறினார். ஆனால் அப்பெற்றோரிடம் குளிர்ந்த சுபாவம் காணப்பட்டதென்றும் எழுதி வைத்தார். அந்த ஒரு வாக்கியம் பின்னாளில் பெரும் கேட்டை விளைத்தது. கனரே 1949ஆம் ஆண்டளவில் அதனை வலியுறுத்தினார். 1967ஆம் ஆண்டு பெட்டல்ஹைம் என்பார் ஒரு நூலையே எழுதி, தாயின் அன்பின்மையே பிள்ளையை இந்நிலைக்கு ஆளாக்குகின்றது என்று பரப்பினார். பேசாத மகனை மடியில் வைத்து இரவெல்லாம் விழித்திருந்த தாய்மார், வைத்தியரின் அறையிலே குற்றவாளிகளாக நின்றனர். கண்ணூறு என்று சொல்லும் நம் ஊர்க் கிழவி அவர்களைவிட இரக்கமுள்ளவர் என்றே கூறுவேன். பழியில் ஒரு பங்கையாவது அவர் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றார்.

இக்கொள்கையை முதலில் உடைத்தவர் ஒரு தந்தை. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணிபுரிந்த பெர்னாட் ரிம்லண்ட் தம் மகனின் நிலையை ஆராய்ந்து, ஓட்டிசத்தின் வேர் மூளையின் அமைப்பிலே உள்ளது என்று 1964ஆம் ஆண்டு நூல் எழுதினார். 1969ஆம் ஆண்டு பெற்றோர் கூட்டமொன்றிலே கனர், அவர்கள்மீது குற்றமில்லை என்று தம் வாயாலேயே விடுவித்தார். 1977ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது உண்மை மேலும் துலங்கியது. ஒரே கருவிலிருந்து பிரிந்த பதினொரு இரட்டையருள் நான்கு இணைகளில் இருவருக்குமே ஓட்டிசம் இருந்தது. இரு கருக்களாய்ப் பிறந்த பத்து இணைகளில் ஒன்றிலேனும் அவ்வாறு இல்லை. வளர்ப்பினாலன்றிப் பரம்பரைக் கூறுகளினாலேயே இந்நிலைமை பெரிதும் அமைகின்றது என்பது பிற்கால ஆய்வுகள் பலவற்றாலும் உறுதிப்பட்டது.

ஆயினும் அறிவு வளர்ச்சிக் குறையின் காரணங்கள் எல்லாம் பிறவிக் கூறுகளே என்று எண்ணிவிடலாகாது. தடுக்கக்கூடியனவும் உள. அவற்றுள் ஒன்றற்குரிய மருந்து புத்தளத்து உப்பளங்களின் வழியாகவே இலங்கைக்குப் பரவியது. கருவுற்ற தாய்க்கு அயடீன் போதாதிருப்பின் கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். உலகில் தடுக்கக்கூடிய மூளைப் பாதிப்புக்கு இதுவே முதற் காரணம் என்பர். கடலிலே விளையும் உப்பில் அயடீன் நிறைய இருக்குமெனப் பலரும் நினைப்பர்; உண்மையில் மிகச் சொற்பமே. ஆதலின் தனியே கலக்கவேண்டும். சுவிட்சர்லாந்து 1922ஆம் ஆண்டிலே இதனைத் தொடங்கியது. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் கண்டமாலை நோய் நெடுங்காலம் மலிந்திருந்தது. 1995ஆம் ஆண்டு முதல் உண்ணும் உப்புக்கெல்லாம் அயடீன் சேர்க்கும் ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. புத்தளத்துப் பாத்திகளில் வெயிலிலே வாரிய உப்பு, மழைநாட்டுத் தாயின் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குக் காவலாயிற்று.

தடுப்பூசியும் அத்தகையதே. 1985ஆம் ஆண்டு முதல் அனுராதபுரத்திலும், பின்னர் புத்தளம் உட்பட்ட அயல் மாவட்டங்களிலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெருவாரியாகப் பரவியது. பிழைத்த பிள்ளைகளுட் பலரிடம் அந்நோய் அறிவையும் அங்கங்களையும் முடக்கிச் செல்லும் இயல்பினது. 1988ஆம் ஆண்டு முதல் தடுப்பூசி வழங்கப்பட்டது. கர்ப்பிணியைப் பற்றும் ஜெர்மன் சின்னமுத்தும் பிள்ளைக்குக் கேடு செய்யும். அமெரிக்காவில் அந்நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்த 243 பிள்ளைகளை ஆராய்ந்த ஸ்டெல்லா செஸ் அம்மையார், பதினெண்மரிடத்து ஓட்டிசத்தை முழுமையாகவோ பகுதியாகவோ கண்டு 1971ஆம் ஆண்டு எழுதினார். அதே நோயைத் தடுக்கும் ஊசிதான் ஓட்டிசத்தை உண்டாக்குகின்றது என்று 1998ஆம் ஆண்டு வேக்ஃபீல்ட் என்னும் ஆங்கில வைத்தியர் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதியது வேடிக்கையான விபரீதம். அக்கட்டுரை 2010ஆம் ஆண்டு மீளப் பெறப்பட்டது. அவருடைய வைத்தியப் பதிவும் நீக்கப்பட்டது. வதந்தி மாத்திரம் இன்னும் நீக்கப்படவில்லை.

இனி நம் நாட்டில் ஓட்டிசம் எவ்வளவு என்பதைக் காண்போம். கொழும்பில் குழந்தைகள் மனநலப் பேராசிரியராயிருந்த ஹேமமாலி பெரேரா அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும், நகரை அண்டிய ஒரு பகுதியில் ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குட்பட்ட 374 பிள்ளைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருப்பதாக 2009ஆம் ஆண்டு வெளியிட்டனர். இது மேல்நாட்டுக் கணக்குக்குக் குறைந்ததன்று. எண்ணிக்கையைவிடச் சிந்திக்கத் தக்கது வேறொன்று. மேல்நாட்டில் நன்கு பயன்பட்ட வினாத்தாளைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கேட்டபோது, ஓட்டிச நிலையுள்ள பிள்ளைகளில் நாலிலொரு பங்கே அதனால் வெளிப்பட்டது. "உங்கள் பிள்ளை விரலால் சுட்டிக்காட்டுமா?" என்று வாயாற் கேட்டால், எந்தத் தாயும் தன் பிள்ளையைக் குறைத்துக் கூற விரும்பாள், கேள்வியின் நுட்பமும் புலப்படாது. ஆகவே அதே குழுவினர் அறிகுறிகளைப் படங்களாக்கித் தாயிடம் காட்டும் முறையை வகுத்து 2017ஆம் ஆண்டு வெளியிட்டனர். படத்தைக் கண்டதும் தாய் தன் பிள்ளையை அதிலே கண்டுகொள்கின்றாள். எழுத்தறிவு குறைந்த தாய்க்கும் தமிழ் பேசும் தாய்க்கும் ஒருங்கே உதவக்கூடிய வழி இது.

சட்டமும் கல்வியும் மெல்ல மெல்லவே வந்தன. 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றுதான் எழுதப்பட்டது. 1960களின் பிற்பகுதியிலிருந்து சாதாரணப் பாடசாலைகளிலேயே குறைபாடுள்ள பிள்ளைகளைச் சேர்க்கும் முயற்சி தொடங்கி, விசேட கல்வி அலகுகள் பரவின. குறைபாடுடையோர் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டு வந்தது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது. இராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தை ஒட்டி 'ஆயதி' என்னும் நிலையம் 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கண்டக்குழியிலிருந்து இராகமைக்குப் போய் வர ஒரு முழு நாள் வேண்டும். அன்றைய கடற்றொழில் வருவாயையும் விடவேண்டும். ஓட்டிச நிலையுள்ள பிள்ளையோ நெரிசலான பேருந்தின் இரைச்சலைத் தாங்கமாட்டாது. மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கும் அரை மணிப் பயிற்சிக்காக இவ்வளவும்!

ஆதலின் முதற் கண் ஊரிலேயே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு தாயிடமும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு உண்டு. எந்த மாதத்தில் எதைச் செய்யவேண்டும் என்பது அதிலே குறிக்கப்பட்டிருக்கும். அதனை நிறை பார்க்கும் அட்டையாக மட்டும் கருதாது, ஒன்றரை வயதில் பெயருக்குத் திரும்பாத, சுட்டிக்காட்டாத பிள்ளையைக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் உடனே கூறுதல் தகும். 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலே வந்து தங்கினர். ஒழுங்கு மாறினால் உலகமே இடிந்ததாக உணரும் பிள்ளைக்கு, ஒரே நாளில் வீடும் வழியும் முகங்களும் மாறிப்போவது எத்தகைய துன்பமாயிருந்திருக்கும் என்பதை எந்தக் கணக்கும் காட்டாது.

பயிற்சி என்பதும் பெருநகரத்து அறையில் மட்டும் நடப்பதன்று. சேகேன் கண்ட வழி எளியது: ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒரு படி கைவந்த பின்பே மறு படிக்குச் செல்லுதல். வலையில் ஒட்டிய பாசியைக் களைதல், மிதப்புகளை எண்ணிக் கோத்தல், மீனைப் பருமன் பார்த்துக் கூடைகளில் பிரித்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் இம்முறை பொருந்தும். வரிசையிலும் எண்ணிக்கையிலும் இன்பங்காணும் பிள்ளைக்குக் கடற்கரையில் வேலைக்குப் பஞ்சமில்லை.

கனரின் கட்டுரையில் முதலாவதாக விவரிக்கப்பட்ட சிறுவனின் கதையையும் கூறிவிடுகின்றேன். டொனால்ட் டிரிப்லெட் என்னும் அவர், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933ஆம் ஆண்டு பிறந்தவர். மூன்று வயதில் வைத்தியரின் சொற்கேட்டுப் பெற்றோர் அவரை ஒரு நிலையத்தில் விட்டனர். ஓராண்டின் பின் தடைகளையும் மீறி வீட்டுக்கு அழைத்து வந்தனர். தந்தை முப்பத்து மூன்று பக்கக் கடிதமொன்றைக் கனருக்கு எழுதினார். பின்பு ஓர் உழவர் குடும்பத்தோடு டொனால்டைத் தங்க வைத்தனர். எண்ணுவதில் அவருக்கிருந்த தீராத வேட்கையை அவ்வுழவர் தடுத்தாரில்லை. கிணற்றின் ஆழத்தை அளக்கச் சொன்னார். சோள வரிசைகளை எண்ணச் சொல்லி, எண்ணிக்கொண்டே ஏரோட்டவும் கற்பித்தார். குடும்பம் செல்வமுடையது, ஊர் வங்கி அவர்களுடையது என்பதையும் மறைக்காது கூறவேண்டும். டொனால்ட் 1958ஆம் ஆண்டு பட்டம் பெற்று, அந்த வங்கியிலே அறுபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தார். தம் வீட்டிலேயே வாழ்ந்தார். நாடுகள் பல கண்டார். காலையில் ஊராரோடு அமர்ந்து காப்பி அருந்துவார். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், 89ஆம் வயதில் அதே ஊரில் காலமானார்.